கடற்கரையில் கல்யாணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கையின் திருமணத்தைக் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மீனவ ஊரில் நடத்தினோம். நூற்று நாற்பது பேர். மண்டபம் கிடையாது. தோரணம் முதல் தாம்பூலப் பை வரை பெரும்பாலும் வீட்டு ஆட்களின் கைவேலை. அதற்குப் பிறகு சொந்தக்காரர்களும் அவர்களுடைய சொந்தக்காரர்களும் போனில் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொரு முறையும் பாதியைச் சொல்ல மறந்துவிடுகிறேன். அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். இது வங்கக் கடல் பக்கத்துக் கணக்கு. கோவாவிலோ கேரளத்திலோ நடத்துகிறவர்களுக்குப் பாதி பொருந்தாது.

எந்த மாதத்தில் வைத்துக்கொள்வது?

தை, மாசி. மார்கழியிலும் ஆடியிலும் எப்படியும் நம் வீடுகளில் கல்யாணம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் நிறைய இருக்கும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே நலங்கு வைக்க முடியாது. சித்திரை, வைகாசியில் காலை எட்டரைக்கே மணல் காலைச் சுடும். பங்குனியின் முதல் பாதியைச் சமாளிக்கலாம்.

சூரியன் மறையும் நேரத்தில், பொன்னிற வெளிச்சத்தில் தாலி கட்ட வேண்டும் என்று பெண் ஆசைப்படுகிறாள். முடியுமா?

நேரத்தை வைத்துக்கொள்ளலாம், காட்சி கிடைக்காது. நம் கரையில் சூரியன் கடலில் மறைவதில்லை. முதுகுக்குப் பின்னால், சாலைக்கு அந்தப் பக்கம், சவுக்குத் தோப்புக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே இறங்கும். படங்களில் பார்க்கும் கடலோர மாலைத் திருமணங்கள் பெரும்பாலும் மேற்குக் கரையில் எடுத்தவை. மாலையில் இங்கே கடல் சாம்பல் நிறத்துக்கு மாறும். அதோடு, பகலில் எழுகிற கடற்காற்று சாயங்காலம் வரை ஓயாது. புடவைத் தலைப்பு முகத்தை மூடும், அட்சதை பின்வரிசைக்காரர்கள் வாயில் விழும்.

இந்தக் கரைக்கு ஏற்றது நம் பழைய விடியற்கால முகூர்த்தம்தான். எங்கள் பாட்டி இதைச் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. தை, மாசியில் சென்னைப் பக்கம் சூரியன் ஆறரை மணியை ஒட்டி எழுகிறது. ராகு காலம் எந்தக் கிழமையிலும் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் வராது. வியாழக்கிழமை மட்டும் அந்த நேரத்தில் எமகண்டம். ஆக, ஆறு முதல் ஏழரை வரையிலான முகூர்த்தத்தை எடுத்தால், கெட்டிமேளம் கொட்டும்போது சூரியன் நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே நிற்கும். வெயில் உறைப்பதற்குள் பந்தி தொடங்கிவிடும்.

மணமக்களைக் கிழக்குப் பார்த்து உட்காரவைப்பது நம் வழக்கம். அதாவது அவர்கள் கடலைப் பார்ப்பார்கள், வெளிச்சம் நேராக அவர்கள் முகத்தில் விழும். புகைப்படக்காரருக்குத் தனி விளக்கே வேண்டாம். ஆனால் விருந்தினரை எதிரில் உட்காரவைத்தால் அவர்களுக்குக் கடல் முதுகுப் பக்கம் போய்விடும். நாங்கள் எதிர்ப்பக்கத்தைத் திறந்து விட்டு, நாற்காலிகளை வடக்கிலும் தெற்கிலும் இரண்டு சிறகாகப் போட்டோம். மணமக்களும் தெரிந்தார்கள், கடலும் தெரிந்தது.

மாலையில்தான் ஏதாவது வேண்டும் என்றால் வரவேற்பைப் பௌர்ணமியன்று வையுங்கள். சூரியன் மேற்கே இறங்கும் அதே நேரத்தில் நிலா கடலிலிருந்து செம்மஞ்சளாக எழும். அது மேற்குக் கரைக்காரர்களுக்குக் கிடைக்காதது.

கடற்கரையில் பந்தல் போட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

கடற்கரை யாருடைய கொல்லைப்புறமும் அல்ல. “எங்கள் தனிக் கடற்கரை” என்று ஒரு விடுதி விளம்பரம் செய்தாலும், அலை வந்து போகும் மணல் பொது இடம். பந்தல், மேடை, நாற்காலி எல்லாவற்றையும் வாடகைக்கு எடுக்கும் வீட்டின் அல்லது விடுதியின் நில எல்லைக்குள்ளேயே வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் அதிகபட்சம் ஏறிவரும் எல்லையிலிருந்து, கணக்கிடப்படுகின்றன; இடத்துக்காரரிடம் அந்தக் கோடு எங்கே என்று கேளுங்கள். விழித்தால் வேறு இடம் பாருங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் எழுத்தில் தெரிவித்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்தைப் பாருங்கள். நாம் காட்சி என்று நினைக்கும் மணல் அவர்களுடைய வேலைக்களம்: வலை உலர்த்துவதும், படகு ஏற்றுவதும், கருவாடு காயப்போடுவதும் அங்கேதான். விடியற்காலை நம் முகூர்த்த நேரமும் படகுகள் கரைக்குத் திரும்பும் நேரமும் ஒன்றாக இருக்கலாம். நாங்கள் வெற்றிலை பாக்குத் தட்டோடு போய்த் தலைவரைப் பார்த்து, எந்தப் பக்கம் படகு ஏறும் என்று கேட்டு, அதற்கு அறுபதடி தள்ளிப் பந்தல்கால் நட்டோம். முகூர்த்தத்தின் நடுவே நான்கு படகுகள் வந்து இறங்கின. விருந்தினர் பாதிப் பேர் எழுந்துபோய் மீன் பார்த்தார்கள். புரோகிதருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

ஷாமியானாவா, கீற்றுப் பந்தலா?

கீற்று. ஷாமியானாத் துணி காற்றைப் பிடித்துக்கொண்டு பாய்மரம் போல இழுக்கும். தென்னங்கீற்று காற்றைத் தன்னுள் விட்டுவிடும். சவுக்குக் கம்பு அந்தப் பக்கத்திலேயே விளைவது, கிடைப்பதில் சிரமமில்லை. மணலில் கால் நிற்பதற்குக் கால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது புதைத்து, அடியில் குறுக்குக் கட்டை கட்டி, மணல் மூட்டை அடுக்க வேண்டும். உள்ளூரில் பந்தல் போடுகிறவருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நகரத்திலிருந்து அழைத்துவரும் அலங்காரக்காரருக்குத்தான் சொல்ல வேண்டும், அவர் கேட்கவும் மாட்டார். இடம் பார்க்கப் போகும்போது பௌர்ணமி அல்லது அமாவாசையை ஒட்டிப் போங்கள். அந்த நாட்களில் அலை அதிகம் ஏறும். ஈர மணல் எதுவரை வருகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை பேரை அழைக்கலாம்?

நூற்றைம்பதைத் தாண்டினால் அது கடற்கரையில் வைத்த மண்டபக் கல்யாணம். விட்டுப்போன உறவினருக்கு ஊரில் தனியாக ஒரு வேளை விருந்து போட்டுவிடுங்கள். கோபம் வரும், ஆறும்.

எல்லாவற்றையும் கையால் செய்ய ஆசை. எதைச் செய்யலாம், எதை விட வேண்டும்?

அதிகம் எழுத வேண்டியது இதைப் பற்றித்தான், ஏனென்றால் அதிகம் தவறு செய்ததும் இதில்தான்.

முதலில் தோற்றவற்றைச் சொல்லிவிடுகிறேன். காகிதத் தோரணம்: நானும் சித்தி மகளும் மூன்று ஞாயிற்றுக்கிழமை வெட்டி ஒட்டினோம். முதல் நாள் இரவு கட்டினோம். விடியற்காலைப் பனியில் நனைந்து, சாயம் ஒழுகி, ஈரத்துணி மாதிரித் தொங்கியது. கையால் எழுதிய பெயர்ப் பலகைகள்: மையெழுத்து கரைந்துவிட்டது, “மணமகள் வீட்டார்” என்பதில் “மண” மட்டும் மிஞ்சியது. சிப்பி மாலை: சிப்பியில் துளை போடும்போது பாதி உடையும், மீதி கையைக் கிழிக்கும். தவிர, சில சங்கு, சிப்பி இனங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. எது எது என்று நமக்குப் பிரித்துத் தெரியாது. கடலிடமே விட்டுவிடுங்கள்.

காற்றையும் ஈரத்தையும் தாங்கியவை எல்லாம் நம் ஊரில் ஏற்கெனவே இருந்தவை. குருத்தோலைத் தோரணம் முதல் இடம். இளம் தென்னங்குருத்தைக் கிழித்து மடிக்க எங்கள் பெரியப்பாவுக்குத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் நாள் மாலை மணலில் உட்கார்ந்து, கிளி, கிலுகிலுப்பை, பின்னல் சங்கிலி என்று அவர் மடித்துக்கொண்டே போக, எட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். அன்று மாலைக்கு வேறு நிகழ்ச்சியே தேவைப்படவில்லை. குருத்தை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் மறுநாளும் வாடாது.

அடுத்தது தாம்பூலப் பை. பாட்டியின் பழைய பருத்திப் புடவைகளை வெட்டி அத்தை நூற்று அறுபது பைகள் தைத்தார். தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியிலேயே தொடங்கினார். யாருக்கு எந்தப் புடவைத் துண்டு வந்தது என்று பார்த்து, “இது உன் காதுகுத்துக்கு அம்மா கட்டியது” என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. உள்ளே வெற்றிலை, பாக்கு, தேங்காய், உடன்குடிக் கருப்பட்டி ஒரு துண்டு.

மூன்றாவது, நாங்களே செய்தது அல்ல, ஆனாலும் கைவேலைதான். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் கோரைப் பாயில் மணமக்கள் பெயரையும் திருமணத் தேதியையும் நெய்து தருவார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பாய் அது. நயமான பாய்க்குப் பல வாரங்கள் ஆகும். முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நாங்கள் ஒருபடி மேலே போய் முகூர்த்தம் உறுதியாவதற்கு முன்பே சொல்லிவிட்டோம். பிறகு தேதி இரண்டு நாள் தள்ளிப்போனது. தங்கை வீட்டுப் பாயில் இன்றும் நடக்காத ஒரு திருமணத்தின் தேதி அழகாக இருக்கிறது.

மொத்தத்தில் மூன்று அல்லது நான்கு பொருள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், அவருக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை. இணையத்தில் பார்த்துப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் வேலையைக் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது யாரும் தொடங்க வேண்டாம். மணப்பெண் கட்டாயம் தொடங்கக் கூடாது.

அழைப்பிதழையும் கையால் செய்யலாமா?

நெருங்கிய உறவுகளுக்கு மட்டும் பனையோலை விசிறி செய்தோம். விசிறியை வாங்கி, ஓரத்தில் துணி தைத்து, அழைப்பிதழ் வாசகத்தைப் பருத்தித் துணியில் அச்சிட்டு நடுவில் ஒட்டினோம். அறுபது விசிறி. கல்யாணத்தன்று பலர் அதையே கொண்டுவந்து விசிறிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு வாட்ஸப்பில் அழைப்பு. மாமா ஒருவர் “எனக்கு விசிறி வரவில்லையே” என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மணலில் கோலம் எப்படி? விளக்கும் ஹோமமும் காற்றில் நிற்குமா?

மணலில் மாவுக் கோலம் போட்டால் இழை தெரியாது, காற்று கலைத்துவிடும். மணைப்பலகையில் போடுங்கள். பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாவுக் கரைசலில் இழைக்கோலம் போட்டு, செம்மண் பூசிக் காயவைத்தால் பெயராது. பத்துப் பலகையில் வீட்டிலேயே போட்டு எடுத்துவந்து பந்தல் வாசலில் வரிசையாக வைத்தோம்.

அகல் விளக்கு நிற்காது. கண்ணாடிக் கூண்டு வைத்த அரிக்கேன் விளக்கு நிற்கும். குத்துவிளக்குக்கு மூன்று பக்கம் தடுப்பு வேண்டும். ஹோமத்தைப் பொறுத்தவரை விடியற்காலை நமக்குச் சாதகம்: நிலம் இரவில் கடலைவிடச் சீக்கிரம் குளிர்வதால் அந்த நேரத்தில் காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்கு மெல்ல வீசும். மேற்குப் பக்கம் ஒரு மூங்கில் தட்டி வைத்தால் போதும், புகை கடலுக்குப் போய்விடும். ஆனால் தை மாதத்தில் சில நாட்கள் வாடைக்காற்று விடாமல் அடிக்கும். முதல் நாள் அதே நேரத்தில் அதே இடத்தில் ஊதுபத்தி ஏற்றி வைத்துப் பாருங்கள். தட்டியை எந்தப் பக்கம் வைப்பது என்று அது சொல்லும்.

எந்தப் பூ தாங்கும்?

சம்பங்கி, அரளி, செவ்வந்தி. ரோஜா இதழ் காற்றில் கொட்டிவிடும். மல்லிகையைத் தலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கடைசி நிமிடம் வரை வாழைமட்டையில் சுற்றி வையுங்கள்.

காஞ்சிப் பட்டு உப்புக்காற்றில் கெட்டுப்போகாதா?

ஒரு மணி நேரக் காற்றுக்கு ஒன்றும் ஆகாது. கடல்நீர் பட்டால்தான் ஆபத்து: கறை நிற்கும், சரிகை கறுக்கும். தாலி கட்டியதும் அலையில் கால் நனைக்கும் படம் எடுக்க வேண்டும் என்றால் முதலில் புடவை மாற்றுங்கள். என் தங்கை கூறைநாட்டுச் சேலை கட்டினாள். பட்டும் பருத்தியும் கலந்து நெய்வது, மயிலாடுதுறைப் பக்கத்துச் சரக்கு. உடம்போடு ஒட்டி நிற்கும், காற்றில் பறக்காது. மாப்பிள்ளை வேட்டிக்கு இடுப்புப்பட்டை அவசியம். அனுபவத்தில் சொல்கிறேன், விவரம் கேட்காதீர்கள்.

சாப்பாடு?

மணலில் பந்தி போடாதீர்கள். இலை பறக்கும், பறக்காத இலையில் மணல் இருக்கும். கூரையும் இரண்டு பக்கச் சுவரும் உள்ள தாழ்வாரத்தில் பந்தி, கடற்கரையில் காபி மட்டும். காலை நேரம் என்பதால் பொங்கல், இட்லி, வடை, கேசரி என்று டிபனோடு முடித்தோம். மதியச் சாப்பாடு தங்கியிருந்த நாற்பது பேருக்கு மட்டும். வந்தவுடன் கொடுப்பதற்கு மண்பானையில் பானகமும் நீர்மோரும் வைத்தால் போதும்.

பிளாஸ்டிக் தம்ளர், பிளாஸ்டிக் பூச்சுள்ள தட்டு, உறிஞ்சுகுழல் போன்றவை தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. சமையல்காரரிடம் இதை ஒப்பந்தத்தின்போதே சொல்லுங்கள். தடை தெரிந்திருந்தும் மூட்டையோடு வந்து இறங்குவார்கள். எவர்சில்வர் தம்ளரை வாடகைக்கு எடுத்தால் எண்ணி வைக்க ஒரு ஆள் போடுங்கள்; நாங்கள் போடவில்லை, இருபத்திரண்டு குறைந்தது.

மறுநாள் மீன் விருந்துக்கு ஊர்க்காரர்களிடமே மீன் வாங்கி, அவர்கள் வீட்டுப் பெண்களையே குழம்பு வைக்கச் சொன்னோம். கல்யாணச் சமையலைவிட அதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

நாதஸ்வரத்துக்கு மைக் வேண்டுமா?

வேண்டாம். நாதஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்காகவே பிறந்தவை. மந்திரமோ உறுதிமொழியோ கேட்க வேண்டும் என்றால் ஒரு சிறிய ஒலிபெருக்கி போதும். ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. இசைக்கருவிகளையும் அந்த விதி சேர்த்துக்கொள்கிறது. நாலரை மணி முகூர்த்தத்தை நான் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடல் ஆமைகளுக்கு நம் கல்யாணத்தால் தொந்தரவு உண்டா?

ஆம். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி மணலில் முட்டையிடும். ஏறக்குறைய ஐம்பது நாள் கழித்துக் குஞ்சுகள் வெளிவந்து, எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். இருட்டான கரையில் அது கடல். நாம் சீரியல் விளக்குக் கட்டிய கரையில் அது நம் பந்தல். சென்னையில் மாணவர் தன்னார்வலர்கள் 1988 முதல் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றி வருகிறார்கள்.

ஆகவே இரவு அலங்கார விளக்கு, பட்டாசு, பறக்கும் விளக்கு எதுவும் வேண்டாம். விளக்கு எல்லாம் கடலுக்கு முதுகு காட்டி, தாழ்வாக இருக்கட்டும், படுக்கப்போகும்போது அணைத்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய இரவு ஒரு மணி வரை சத்தமாக உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைத் தோழர்களை உள்ளே அனுப்புவதற்கும் ஆமை நல்ல காரணம்.

புரோகிதர் இல்லாமல், எளிமையாக நடத்தினால் சட்டப்படி செல்லுமா?

செல்லும். 1967இல் தமிழகச் சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7அ பிரிவின்படி, உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்கிறோம் என்று சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். எந்த முறையில் நடந்தாலும் பதிவு கட்டாயம். 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். அழைப்பிதழ் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். விசிறியைக் கொண்டுபோய் வைத்தேன். எழுத்தர் இரண்டு முறை விசிறிப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார்.

மதம் வேறுவேறு என்றால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு உண்டு என்பதால் தேதிக் கணக்கு முன்கூட்டியே வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆலயத்தில் சடங்கை முடித்துவிட்டுக் கடற்கரையில் விருந்து வைக்கலாம். தரங்கம்பாடியில் 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்திலிருந்து கடல் நடக்கும் தூரம்தான்.

வயதானவர்கள் மணலில் எப்படி நடப்பார்கள்?

நடக்க மாட்டார்கள். சக்கர நாற்காலியும் புதையும். வாசலிலிருந்து பந்தல் வரை தென்னங்கீற்றை இரண்டு அடுக்காகப் பரப்பி அதன்மேல் தேங்காய் நார்ப் பாய் விரித்தோம். பிளாஸ்டிக் நாற்காலியின் கால் மணலில் இறங்கும். பெரியவர்களுக்குப் பலகை போட்டு அதன்மேல் நாற்காலி வையுங்கள். கழிவறை ஐம்பதடிக்குள் இருக்க வேண்டும். இடம் தேர்ந்தெடுக்கும்போது கடலைப் பார்ப்பதற்கு முன்னால் கழிவறையைப் பாருங்கள்.

குழந்தைகள் கடலில் இறங்கலாமா?

கூடாது. இந்தக் கரையில் அடியோட்டம் பொல்லாதது, நீச்சல் தெரிந்தவரையும் இழுக்கும். உள்ளூர் இளைஞர் இருவரைக் கூலிக்கு நிறுத்தி, கயிறு கட்டி, பெரியவர்களையும் சேர்த்தே தடுங்கள்.

செலவு குறையுமா?

மண்டப வாடகையும் மேடை அலங்காரமும் மிச்சம். தங்கும் அறையும் வண்டியும் அதைத் தின்றுவிடும். எங்களுக்குக் கணக்கு ஏறக்குறையச் சரிக்குச் சரி. குறைந்தது கூச்சல்தான்.

முடிந்த பிறகு கடற்கரையை யார் சுத்தம் செய்வது?

நீங்கள்தான். வாழையிலை, பூ, காய்கறிக் கழிவைச் சாக்கில் கட்டி மாட்டுக்காரருக்குச் சொல்லிவிடலாம். கீற்றையும் சவுக்குக் கம்பையும் பந்தல்காரர் எடுத்துக்கொள்வார். மணலில் சிந்திய அட்சதையைப் பொறுக்க நாங்கள் முறத்தோடு உட்கார்ந்தோம். அதற்குள் காகங்கள் பாதியை முடித்திருந்தன. குருத்தோலைக் கிளிகளை மட்டும் காணவில்லை. மறுநாள் காலை மீன் வாங்கப் போனபோது பார்த்தேன், ஒரு படகின் முன்மூக்கில் நான்கு கிளிகள் தொங்கிக்கொண்டிருந்தன.